இரவோடு இரவாகச் செத்துப்போன நீட்சிகள்

கருப்பட்டி:
நேற்று ஒருத்தர் எழுதியிருந்தார்: “ஃபயர்பாக்ஸ் உலாவியோடு வரும் வசதிகளே போதும். யாரோ ஓய்வு நேரத்தில் செய்து, நாம் உலாவியில் சேர்த்துக்கொள்ளும் நீட்சிகளை நம்பினால், 2019 மே மாதம் போல இரவோடு இரவாக எல்லாம் செத்துப்போகும்.” படித்ததும் டீ புரையேறிவிட்டது. அன்றைக்குக் காலாவதியானது நீட்சிகளுக்குக் கையெழுத்திடும் சான்றிதழ்; செல்லும் கையெழுத்து இல்லாத நீட்சியை ஃபயர்பாக்ஸ் ஓடவிடாது. அதைப் புதுப்பிக்க வேண்டியது ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா. வீட்டுக்காரர் கரண்ட் பில் கட்டாமல் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனால், குடியிருப்பவனையா திட்டுவீர்கள்?

நல்லூரான்:
அதை எழுதினது நான்தான். பெயரைச் சொல்லியே ஏசலாம். யாருடைய பிழை எண்டது எனக்குத் தேவையில்லை. புத்தகக்குறி நிண்டதா? கடவுச்சொல் சேமிப்பு நிண்டதா? நீட்சி மட்டும்தான் நிண்டது. இரவோடு இரவாக.

கருப்பட்டி:
அது இரவே இல்லை. மே 4, உலகப் பொது நேரம் (யூடிசி) 00.09. நம்மூரில் காலை 5.39. பால்காரரே வந்துவிட்டுப் போயிருப்பார்.

நல்லூரான்:
உங்கட ஊரில் விடியட்டும். நான் இருக்கிறது கனடாவில், டொரன்டோவின் ஸ்காபரோவில். இங்கே வெள்ளிக்கிழமை இரவு 8.09.

ஒற்றுப்பிழை:
முதலில் எது நீட்சி (எக்ஸ்டென்ஷன்), எது செருகுநிரல் (பிளகின்), எது துணைநிரல் (ஆட்-ஆன்) என்று பேசி முடிவு செய்யுங்கள்.

கருப்பட்டி:
செருகுநிரல், வீடியோவும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷோடு போய்ச் சேர்ந்தது, 2021 ஜனவரியில். நீங்கள் இன்னும் அங்கேயே நில்லுங்கள்.
நல்லூரான் அண்ணாச்சிக்கு: உலாவியோடு வருவது மட்டும் சிரஞ்சீவியா? 2011-இல் ஃபயர்பாக்ஸ் 4-இல், திறந்திருக்கும் பக்கங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைக்கும் தாவல் குழுக்கள் உள்ளேயே வந்தன. ‘அதிகம் பேர் பயன்படுத்தவில்லை’ என்று 2016-இல் 45-ஆம் பதிப்பில் தூக்கினார்கள். ஒரு தன்னார்வலர் அதே நிரலை எடுத்து நீட்சியாக்கி உயிர் கொடுத்தார். 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு வந்து பழைய வகை நீட்சிகளை மொத்தமாகச் சாய்த்தது, அதுவும் போயிற்று. 2025 ஏப்ரலில், 138-ஆம் பதிப்பில், தாவல் குழுக்கள் ‘புதிய வசதி’யாம்! செத்த பிள்ளைக்கு இரண்டாம் முறை பேர் வைக்கிறார்கள்.

நல்லூரான்:
அந்தத் தன்னார்வலரின் நீட்சி இப்ப எங்கே? நீங்களே சொல்லிப்போட்டீர்கள், போயிற்று எண்டு. மின்னஞ்சல் நிரல் தண்டர்பேர்டையும் பாருங்கோ. அஞ்சலை மறையாக்கம் செய்து பூட்டும் எனிக்மெயில் எத்தனை வருடம் நீட்சியாக இழுபட்டது? 2020-இல் 78-ஆம் பதிப்போடு மறையாக்கம் உள்ளேயே வந்தது. ஆர் அழுதது?

கருப்பட்டி:
நான் அழுதேன். உள்ளே வந்த மறையாக்கம், எனிக்மெயில் நம்பியிருந்த ஜிஎன்யூபிஜி என்ற நிரலின் சாவிக்கொத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, சாவிகளைத் தனியாக உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. போன தீபாவளிக்கே சொன்னேன், “எனக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுது” என்று நழுவினீர்கள். மறக்கவில்லை.

மஞ்சணத்தி:
பஞ்சாங்கத் தேதி காட்டும் சின்ன நீட்சி ஒன்றைப் பராமரித்து வந்தேன். 57-க்காக முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினேன், ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு. மே 4 அன்று நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. சாயங்காலம் பார்த்தால் மூன்று பேர் ஒற்றை நட்சத்திரம். ஒருவர், “வேலை செய்யவில்லை, காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள்” என்று எழுதியிருந்தார். காசா? எந்தக் காசு?

நல்லூரான்:
தங்கச்சி, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கோ, நீங்களும் ‘பராமரித்து வந்தேன்’ எண்டுதான் சொல்லுறீர்கள்.

கருப்பட்டி:
அக்கா, அந்த மூன்று பேருக்கும் நீங்கள் ‘காலை 5.39’ என்று பதில் போட்டிருக்க வேண்டும்.

திருகுவலி:
ஃபயர்பாக்ஸ் கையெழுத்தை 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் சரிபார்க்கும். அதனால் ஆளுக்கொரு நேரத்தில் நின்றிருக்கும். காலையும் சரி, இரவும் சரி.

கருப்பட்டி:
நடுவர் வேலைக்கு ஆள் கேட்கவில்லை. சான்றிதழ் முடிந்த நேரம் ஒன்றுதான்.

நல்லூரான்:
ஓம், ஒன்றுதான். இரவு 8.09.

ஒற்றுப்பிழை:
துணைநிரல் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கருப்பட்டி:
மே மாதம் டொரன்டோவில் 8.09-க்குச் சூரியனே மறைந்திருக்காது. ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள், அண்ணாச்சி.