புதுப்பிப்பு: ஆரல்வாய்மொழி காற்றில் சாய்ந்த மா ஒட்டுக்கன்றுகள்

நட்ட 70 மா ஒட்டுக்கன்றுகள் ஆரல்வாய்மொழி காற்றில் சாய்கின்றன, 9 கன்று ஒட்டுப் பகுதியிலேயே (அடிச்செடியும் ஒட்டிய மாந்தண்டும் சேரும் இடம்) முறிந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று போன ஆடியில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது தோவாளை அண்ணாச்சி சொன்ன வழிதான். முன்பு ஒரே கம்பை ஒட்டி இறுக்கிக் கட்டியிருந்தேன். கம்பு உரசிப் பட்டை உரிந்தது. இப்போது தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இருபுறமும் சவுக்குக் கம்பு. பழைய வேட்டிக் கிழிசலை எட்டு வடிவில் சுற்றி, தண்டு கொஞ்சம் ஆடும்படி தளர்வாகக் கட்டினேன். ஆடினால்தான் தண்டு தடிக்கும் என்றார், அப்படியே தடித்திருக்கிறது. இந்த ஆடிக் காற்றில் இரண்டு கன்று லேசாகச் சாய்ந்தது, ஒன்றுகூட முறியவில்லை.

எதிர்பாராத ஒன்று: முறிந்த கன்றுகளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, ஒட்டில் சுற்றிய பாலித்தீன் நாடா அப்படியே பட்டைக்குள் புதைந்து, தண்டைச் சுற்றி நூல் போட்டு நெரித்த மாதிரி பள்ளம். நாற்றுப் பண்ணையில் அவிழ்க்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. மீதிக் கன்றுகளில் பிளேடால் மெதுவாகக் கீறி எடுத்துவிட்டேன். ஒட்டு நன்றாகச் சேர்ந்த கன்று வாங்குகிறவர்கள் நடும்போதே இதைப் பாருங்கள்.

அப்புறம், ஒட்டுக்குக் கீழே அடிச்செடியிலிருந்து வரும் துளிர்களை வாரம் ஒரு முறை கிள்ளிவிடுகிறேன்.