சாரணர் தபால்தலைகளும் சிறப்பு அஞ்சல் உறைகளும்: ஒரே ஆல்பத்தில் வைக்கலாமா?

மண்டபம் சாரண ஆசிரியர்:
எங்கள் பள்ளிச் சாரணர் படைக்காகச் சாரணர் படம் பொறித்த தபால்தலைகளைச் சேர்த்து வருகிறேன். அண்மையில் விமான அஞ்சலிலும் பதிவு அஞ்சலிலும் சென்ற சாரணர் உறைகள் சில கிடைத்துள்ளன. அவற்றிலிருந்து தலைகளைக் கழற்றி ஆல்பத்தில் சேர்க்கலாமா? கடற்காற்றில் விளிம்புகள் பழுப்பேறுவதைத் தடுக்க வழியுண்டா?

கீழக்கரை வாசகர்:
ஐயா, தயவுசெய்து கழற்றாதீர்கள். உறை எந்த வழியாக, எந்தச் சேவையில் பயணித்தது என்பதற்குப் பதிவு எண் சீட்டும் பின்புறத்து வருகை முத்திரையுமே சாட்சி. தலையை நீரில் ஊறவைத்து எடுத்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

படத்தில் சாரணர் இருப்பது வேறு, தபாலையே சாரணர் சுமந்து சென்றது வேறு. என்னைக் கேட்டால் பின்னதற்கே முதலிடம். 1918 நவம்பர் 7 முதல் பிராக் நகரில் புதிய செக்கோஸ்லோவாக்கிய ஆட்சியின் கடிதங்களைச் சாரணர்களே கொண்டுபோய்ச் சேர்த்தனர். அதற்கென 10 ஹேலர் (அந்நாட்டுச் சில்லறைக் காசு) நீலத் தலையும் 20 ஹேலர் சிவப்புத் தலையும் வெளியாயின. இவற்றில் போலிகள் மலிந்திருப்பதால் நிபுணர் சான்றில்லாமல் வாங்க வேண்டாம். 1944இல் போலந்தின் வார்சாவில் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிராக நடந்த எழுச்சியின்போது சாரணர் நடத்திய கள அஞ்சலில் ஒரு கடிதத்திற்கு 25 சொற்களே அனுமதி. கட்டணம் இல்லை, தணிக்கை உண்டு. சாரணர் இயக்கத்தைப் பின்னாளில் தொடங்கிய பேடன்-பவல் காத்துநின்ற, முற்றுகைக்குள்ளான தென்னாப்பிரிக்க நகரம் மாஃபெகிங்கில் 1900இல் வெளியான, சிறுவர் படைத் தலைவன் வார்னர் குட்இயர் மிதிவண்டியில் அமர்ந்திருக்கும் நீல நிற ஒரு பென்னித் தலையைச் சாரணர் இயக்கத்துக்கு முந்தையது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அந்தக் கறாரில் எனக்கு உடன்பாடில்லை.

இராமேசுவரம் வாசகர்:
பழுப்பேறுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சேகரிப்பைச் செருகிவைக்கும் மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் ஈரத்தைப் பூட்டிவைப்பதோடு நாளடைவில் தாளையும் கெடுக்கும். பாலியெஸ்டர் உறைகளே நல்லவை. ஆல்பங்களை நெருக்கி அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் அவசியம். அது ஈரம் குடித்து நிறம் மாறியதும் மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று: முத்திரை வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்க நம் கடற்கரையிலேயே பாடம் இருக்கிறது. 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியதால், அந்தக் காலத்து இலங்கைக் கடித உறை ஒன்று கிடைத்தாலும் புறப்பட்ட ஊர், தேதி, சேர்ந்த ஊர் ஆகியவற்றை அவர்களே கண்டு சொல்வார்கள்.

மண்டபம் சாரண ஆசிரியர்:
இருவருக்கும் நன்றி. உறைகளை முழுமையாகவே வைத்து, சாரணர் சுமந்த தபாலுக்குத் தனி ஆல்பம் தொடங்குகிறேன். வார்சா கடிதங்களின் தணிக்கை முத்திரையை எப்படி அடையாளம் காண்பது என்பதைக் கீழக்கரை அன்பர் விளக்கினால் உதவியாக இருக்கும்.