8 பார் காத்து இருந்தும் ரேடியேட்டர் ஃபேன் நிக்க மாட்டேங்குது

பதினாறு_சக்கரம்:
அண்ணன்மாரே, என் லாரியில பத்து நாளா இதே பாடு. இஞ்சின் சூடு சரியா இருக்கு, ஏசி போடல, ஆனாலும் ஃபேன் விடாம சுத்துது. முன்னெல்லாம் காலையில ஸ்டார்ட் பண்ணினதும் சுத்தும், ஏர் டேங்க்ல காத்து ஏறினதும் அடங்கிடும். இப்ப 8 பார் அழுத்தம் ஏறியும் அடங்கல. மேட்டுல இழுவை குறைஞ்சது காலுக்கே தெரியுது. டெம்பரேச்சர் சென்சார் மாத்தினேன், சொலினாய்டு (கரண்ட்ல காத்தைத் திறந்து மூடுற வால்வு) மாத்தினேன், ரெண்டும் வீண். இப்போ ஃபேனை இஞ்சினோட பிடிச்சு விடுற ஃபேன் கிளட்சையே முழுசா மாத்தச் சொல்றாங்க. மூணாவது பொருளையும் குத்துமதிப்பா மாத்த மனசு வரல.

ஏர்லைன்:
மாத்தாத தம்பி, பொறு. காத்து ஏறினா அடங்கும்னு சொன்னியே, அதுலயே தெரியுது. உன் கிளட்ச்சை ஸ்பிரிங் பிடிக்கும், காத்து விடுவிக்கும். ஓஸ் பிஞ்சு போனாலும் இஞ்சின் வேகக்கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. அப்ப பார்க்க வேண்டியது, கிளட்சுக்குள்ள முழுக் காத்து நிக்குதா இல்லையான்னு.

இஞ்சினை அணைச்சு சாவியைப் பையில போட்டுக்கோ. கிளட்சுக்குப் போற ஓஸைக் கழட்டிட்டு, வெளி கம்ப்ரசர்ல இருந்து 8 பார் நேரா கொடு. வழியில ஒரு டி (மூணு வாய் ஜாயின்ட்) போட்டு, அழுத்தம் காட்டுற கேஜ் மாட்டு. ஃபேனைக் கையால தள்ளிப் பாரு. லேசா சுத்தினா கிளட்ச் நல்லா இருக்கு, கோளாறு அதுக்கு முன்னாடி. இறுக்கமா நின்னு, ஹப்ல (ஃபேனோட நடுப்பகுதியில) காத்து சீறினா உள்ள காத்தை அடைக்கிற சீல் போயிடுச்சு.

வயர்_கட்டு:
ஏசி அணைச்சிருந்தாலும் அதோட பிரஷர் சுவிட்ச் வயர் கெட்டா ஃபேன் ஓடும், அதையும் பாருங்க. இன்னொண்ணு, சில வண்டியில கரண்ட் வந்தா சொலினாய்டு திறக்கும், சிலதுல கரண்ட் வந்தா மூடும். வயரிங் படம் பார்க்காம அதைக் குறை சொல்ல முடியாது.

பதினாறு_சக்கரம்:
பார்த்தேன் அண்ணே. கிளட்ச் பக்கத்தை அடைச்சு வச்சா கேஜ் 8 காட்டுது. கிளட்சை இணைச்சதும் 4க்கு இறங்குது. ஹப் நடுவுல சீறல் நல்லாவே கேக்குது. ஃபேனைத் தள்ளினா உரசிக்கிட்டே நகருது.

ஏர்லைன்:
அப்ப சீல்தான். ஆனா 4 பார் கொடுத்துக்கிட்டே ஓட்டாத தம்பி, அதுதான் பெரிய கேடு. பாதி விட்டும் பாதி பிடிச்சும் வழுக்கும். லைனிங் (உரசிப் பிடிக்கிற பட்டை) எரியும், அந்தச் சூடு பேரிங்குக்கும் ஏறும். ரிப்பேர் வரைக்கும் ஓஸைக் கழட்டி, சப்ளை பக்கத்தை அடைச்சிடு. ஃபேன் முழுசா பிடிச்சு ஓடும். டீசல் கொஞ்சம் போகும், கிளட்ச் பிழைக்கும்.

பதினாறு_சக்கரம்:
இன்னைக்குப் பிரிச்சோம். சீல் ஒரு பக்கம் உப்பி, விளிம்பு கிழிஞ்சிருக்கு. லைனிங் பாதிக்கு மேல தேஞ்சு கருத்துப் போச்சு. பேரிங்ல ஆட்டம் இல்ல. சீல் செட்டும் லைனிங்கும் போதும், கிளட்ச் தப்பிச்சது. நீங்க சொல்லலைன்னா இன்னும் நாலு டிரிப் அப்படியே அடிச்சிருப்பேன் அண்ணே.

ஓஸைக் கவுத்தா எண்ணெயும் தண்ணியும் கலந்து சொட்டுது.

ஏர்லைன்:
சீலை உப்ப வச்சது அந்த எண்ணெய்தான். காத்துல வர்ற தண்ணியைப் பிடிக்கிற ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜை மாத்து, டேங்க்கை டிரெயின் பண்ணு, ஓஸை ஊதி விடு. அப்புறம் புது சீல் போடு. அதுக்கு அப்புறமும் எண்ணெய் வந்தா கம்ப்ரசர் ரிங்கைப் பார்க்கணும்.

பதினாறு_சக்கரம்:
சரிண்ணே. நாளைக்குக் காலையில டிரையர்தான் முதல்ல.