நேர்காணல்களைப் பகுக்கச் செயற்கை நுண்ணறிவு: எதுவரை நம்பலாம்?

ஆய்வு மாணவி:
வணக்கம். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர்களின் வேலைநேரம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நேர்காணல்களைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துக் கருப்பொருள் வாரியாகப் பிரித்துவிடலாம் என்கிறார் ஒரு பேராசிரியர். அப்படிச் செய்தால் அது ஆய்வே அல்ல என்கிறார் இன்னொருவர். இருவரும் நான் மதிப்பவர்கள். இக்கருவியை எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள்?

அளவுசார் ஆய்வாளர்:
நான் பயன்படுத்துகிறேன், தயக்கமின்றிச் சொல்கிறேன். 2023இல் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ட்வீட்டுகளை வகைப்படுத்தும் பல பணிகளில் சாட்ஜிபிடி இணையக் கூலிப் பணியாளர்களைவிடத் துல்லியமாக இருந்ததையும், ஒரு குறியீட்டுக்கு, அதாவது ஒரு பதிவுக்கு ஒரு வகைப்பெயர் இடுவதற்கு, 0.003 டாலருக்கும் குறைவாகவே செலவானதையும் காட்டினார்கள். நிதி இல்லாத துறைகளுக்கு இது பெரிய வரம். ஆனால் மனிதர்களுக்குப் பதிலாக இயந்திரத்தையே கருத்துக்கணிப்புக்குப் பதில் சொல்லவைப்பதை நான் ஏற்கவில்லை. அமெரிக்கத் தேர்தல் ஆய்வுத் தரவோடு ஒப்பிட்டு 2024இல் வெளியான ஒரு கட்டுரை, சராசரிகள் ஏறக்குறைய ஒத்துப்போனாலும் மனிதர்களிடம் காணப்படும் கருத்து வேறுபாடு இயந்திரத்தின் விடைகளில் சுருங்கிவிடுவதையும், அதே கேள்விக்குச் சில மாதங்களில் வேறு விடை வருவதையும் எடுத்துக்காட்டியது. வேறுபாட்டை அறியத்தானே கணிப்பே நடத்துகிறோம்!

கள ஆய்வாளர்:
தோழி, உங்கள் தரவு ட்வீட் அல்ல. மேற்பார்வையாளர் கதவருகே நிற்கும்போது "குறை ஒண்ணும் இல்லைங்க" என்று ஒரு பெண் சொல்வார். அதே பெண் மாலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இரவு மிகைநேர வேலைக்கு வரமறுத்தால் மறுநாள் வேலை கிடைக்காது என்பார். எழுத்துப்படியை மட்டும் படிக்கும் இயந்திரம் முதல் வாக்கியத்தை 'மனநிறைவு' என்று குறித்துவிடும். கதவருகே நின்றவர் உங்கள் களக்குறிப்பேட்டில்தான் இருக்கிறார். அதனால் முதல் வாசிப்பும் குறியீட்டுப் பட்டியலும் (பேச்சின் பகுதிகளுக்கு இடும் வகைப்பெயர்களின் பட்டியல்) உங்களுடையவையாக இருக்கட்டும். பிறகு வேண்டுமானால், நீங்கள் கவனிக்காமல் விட்ட பகுதிகளைத் தேட இயந்திரத்தை ஏவுங்கள்.

ஆய்வு மாணவி:
இருவருக்கும் நன்றி. பெயர்களை நீக்கிவிட்டால் பதிவேற்றுவதில் தடையுண்டா?

கள ஆய்வாளர்:
பெயர் நீங்கினாலும், எந்த ஆலை, எந்தப் பிரிவு, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதைக் கொண்டே உடன் வேலை செய்பவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தன் பேச்சு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கணினிக்குப் போகும் என்று ஒப்புதல் பெறும்போது அவரிடம் சொல்லவில்லையென்றால், திரும்பச் சென்று கேளுங்கள். மறுப்பவரின் நேர்காணலைக் கையாலேயே பகுத்துக்கொள்ளுங்கள்.