வால்வு சிடி பிளேயர்: எம்.டி.ஆர். குரலில் கேட்கும் அந்தக் கனம் நிஜமா?

மந்திரஸ்தாயி:

இரண்டு மாதமாக மனதில் ஓடும் கேள்வி. அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய அண்ணன் தன்னுடைய ஜோலிடா ஜேடி-100 சிடி பிளேயரை எனக்குக் கொடுத்துவிட்டார். அவரும் வேறொருவரிடம் பழையதாக வாங்கியதுதான். 120 வோல்ட் கருவி என்பதால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டுகிறேன். சிடியைப் படிப்பதும் டிஜிட்டலை அனலாக் ஆக்குவதும் வழக்கமான சிப்புகள்தான். ஒலி வெளியேறும் கடைசிக் கட்டத்தில் மட்டும் 12ஏஎக்ஸ்7 என்ற வகையில் இரண்டு வால்வுகள், பழைய ரேடியோக்களில் ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள்.

முதலில் கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனின் (எம்.டி.ஆர்.) கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டேன். மந்திர ஸ்தாயிக்கு, அதாவது கீழ் ஸ்தாயிக்கு, இறங்கி ஒரு ஸ்வரத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுவாரே, அந்த இடம். என் பழைய பிளேயரில் குரல் தொண்டையிலிருந்து வரும். இதில் நெஞ்சிலிருந்து வருகிறது. அவர் நிறுத்தியதும் தம்புரா மட்டும் மிஞ்சி நிற்பது, பக்கத்து அறையில் யாரோ மீட்டுவது போல இருக்கிறது. அடுத்து நாகஸ்வரம். மேல் ஸ்தாயியில் சீவாளி (ஊதும் நாணல்) காதைக் குத்தும் இடம் வந்தால் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைப்பது என் வழக்கம். இப்போது எழுந்திருப்பதில்லை.

மிருதங்கம்தான் ஒப்பவில்லை. தொப்பியில் (கீழ் ஒலி தரும் இடப்பக்கம்) கையை அழுத்தி நகர்த்திக் கும்கி இழுக்கும்போது முன்பு தரையில் உணர்ந்த அதிர்வு இப்போது மெலிந்திருக்கிறது.

இதெல்லாம் வால்வு செய்யும் வேலையா, புதுப் பொருள் மயக்கமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓம்விதி:

மயக்கம் என்று உடனே தள்ள மாட்டேன். உங்கள் 12ஏஎக்ஸ்7 போன்ற டிரயோடு (மூன்று மின்முனை) வால்வு சேர்க்கும் திரிபில் பெரும்பங்கு இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண். பாடகர் ஸட்ஜம் பிடித்தால் வால்வு கூடவே மெல்ல மேல் ஸட்ஜத்தையும் சேர்க்கிறது. மூன்றாவது ஹார்மோனிக் அதற்கும் மேலுள்ள பஞ்சமம். ஐந்தாவது, தம்புராவில் யாரும் மீட்டாமலே கேட்கும் அந்தர காந்தாரம். நம் காது ஏற்கெனவே பழகிய உறவுகள் என்பதால் அவை உறுத்துவதில்லை, குரலுக்கு உடம்பு கூடியது போல இருக்கும். ஆனால் அளவு மிகச் சிறியது. நீங்கள் சொல்லும் அத்தனை மாற்றத்துக்கும் அது ஒன்றே காரணம் என்று நம்பத் தயக்கமாக இருக்கிறது.

முதலில் இரண்டு பிளேயரும் ஒரே சத்தத்தில் பாடுகின்றனவா என்று பாருங்கள். சிடி பிளேயர் அதிகபட்சம் 2 வோல்ட் தருவது வழக்கம், வால்வு வைத்தவை பல அதைத் தாண்டும். ஒன்றிரண்டு டெசிபெல் கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். 400 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை சிடியில் எழுதிக்கொண்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி-யில் வைத்து அளவெடுங்கள். அதற்கு மேல் போனால் சாதாரண மீட்டர்கள் நம்பகமாகக் காட்டாது. அளவைச் சமன் செய்த பிறகு, எது ஓடுகிறது என்று தெரியாமல் 20 தடவை கேட்டு, எது என்று சொல்லிப் பாருங்கள். 10 போதாது. கண்ணை மூடி ஊகித்தாலே பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ வர 17 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

பழையரேடியோ:

தம்பி, வால்வு ரேடியோவிலேயே வளர்ந்தவன் நான். போட்ட உடனே கேட்டு முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரம் சூடாகட்டும். பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணி போல் நீண்டு ஒலித்தால் அந்த வால்வு அதிர்வை வாங்குகிறது, மாற்றிவிடலாம். 12ஏஎக்ஸ்7-ம் ஈசிசி83-ம் ஒன்றுதான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-லிருந்து பிலிப்ஸ் துணையோடு வால்வு செய்தது. அந்த நிறுவனத்தின் பெல் (பிஇஎல்) முத்திரை போட்ட ஈசிசி83 இன்றும் பழைய சரக்கில் கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

மிருதங்கம் மெலிவதுதான் எனக்கு உறுத்துகிறது. அது வால்வின் குணம் இல்லை. உங்கள் ஆம்ப்ளிஃபயரின் இன்புட் மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள், அது குறைவாக இருந்தால் கீழ் ஒலி மெலியலாம்.

மந்திரஸ்தாயி:

செய்து பார்த்துவிட்டேன். ஸ்பீக்கர் முனையில் பழைய பிளேயர் 1.21 வோல்ட், வால்வு 1.52. ஏறக்குறைய 2 டெசிபெல் வித்தியாசம்! சமன் செய்ததும் நாகஸ்வரத்தில் என்னால் எதையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இது எனக்குக் கொஞ்சம் வலித்தது.

எம்.டி.ஆர். பதிவுக்கு ஒரு பிரதி எடுத்து இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓட்டினோம். மகள் எனக்குத் தெரியாமல் மாற்றிக்கொண்டே இருந்தாள். 20-க்கு 15 சரி. ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: குரலை வைத்து நான் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அத்தனையும் மிருதங்கத்தின் தொப்பியை வைத்துத்தான்.

ஆம்ப்ளிஃபயர் இன்புட் 10 கிலோ ஓம் என்று கையேட்டில் இருக்கிறது. பிளேயரின் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒலி வெளியே வரும் வழியில் உள்ள அவுட்புட் கெபாசிட்டர்களை (மின்தேக்கிகளை) முன்பு வைத்திருந்த யாரோ மாற்றியிருக்கிறார்கள், சால்டர் புதிதாக இருக்கிறது. மேலே 0.47 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கிறது.

ஓம்விதி:

அப்படியானால் அதுதான். 0.47 மைக்ரோஃபாரடும் 10 கிலோ ஓமும் சேர்ந்தால் 34 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் போய்விடும், அதற்கு மேலேயும் கொஞ்சம் சரியும். இதே கெபாசிட்டர் 47 கிலோ ஓம் இன்புட்டில் 7 ஹெர்ட்ஸ் வரை தாங்கும். கீழ் ஒலி குறைந்தால் குரல் முன்னால் வந்தது போலவும் தோன்றும். 20-க்கு 15 ஊகத்தில் வர 2 சதவீத வாய்ப்புதான், உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது.

பழையரேடியோ:

2.2 மைக்ரோஃபாரட் பாலிபுரொப்பிலீன் கெபாசிட்டர் இரண்டு வாங்கிப் போடுங்கள், 400 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பவர் சப்ளை கெபாசிட்டர்களில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். மாற்றியதும் அதே எம்.டி.ஆர். பதிவை மறுபடி 20 தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள், தம்பி. தொப்பி சரியான பிறகும் குரலில் அந்தக் கனம் இருக்கிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.