தறிச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது மந்தம், தம்பியையாவது காப்பாற்ற முடியுமா?

பள்ளிபாளையத்துப் பொண்ணு:
அப்பாவுக்கு 54 வயது. இருபது வருசத்துக்கு மேலாக விசைத்தறி ஓட்டுகிறார், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். கொஞ்ச நாளாக வீட்டில் பேச்சே சண்டை மாதிரிதான் நடக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், ஆனால் சொன்னதை மாற்றி எடுத்துக்கொள்கிறார். "தட்டு எங்கே" என்றால் "எந்தப் பட்டு?" என்கிறார். சத்தமாகச் சொன்னாலோ "கத்தாதே, கேக்குது, என்ன சொல்றேன்னுதான் தெரியலை" என்று கோபம். படுத்தால் காதுக்குள் 'ஙொய்' என்று இரைச்சல் வேறு. மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தோம், ஒரு மாற்றமும் இல்லை. கூட வேலை செய்பவர்கள் இதெல்லாம் தறிக்காரனுக்குச் சகஜம், காது பழகிக்கும் என்கிறார்கள். இது சரியாகுமா? தம்பியும் அதே பட்டறைக்குப் போகப் போகிறான், பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா?

ஆடியோகிராம்:
காது பரிசோதனைதான் என் வேலை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இருப்பது நான் நினைப்பதுதான் என்றால், போனது திரும்பாதுங்க. உள்காதில் நத்தை வடிவக் குழலுக்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குச் சேர்ப்பது அவைதான். நாள்கணக்கில் பெருஞ்சத்தம் தாக்கினால் சாகின்றன, மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. சொட்டு மருந்து செவிப்பறைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், அங்கே போய் எதுவும் செய்யாது.

'கேக்குது, புரியலை' என்பதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் ஒட்டிய, கீச்சென்ற உயர்ந்த ஒலிகள், காது பரிசோதனையின் வரைபடமான ஆடியோகிராமில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் அதற்குக் கீழே, தாழ்ந்த ஒலிகளில் இருப்பதால் நன்றாகக் கேட்கும். ச, த, ப, க போன்ற மெய்களைப் பிரித்தறிய உதவும் நுணுக்கங்கள்தான் மேலே இருக்கின்றன, அவைதான் போய்விடுகின்றன. அதனால்தான் தட்டு பட்டாகிறது. நீங்கள் கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், தெளிவு வராது. முகத்துக்கு நேரே நின்று, டிவியை நிறுத்திவிட்டு, நிதானமாகப் பேசுங்கள்.

முதலில் ஈ.என்.டி. மருத்துவரைப் பார்த்து ஆடியோமெட்ரி, அதாவது கேட்கும் திறன் பரிசோதனை, எடுங்கள், அழுக்கு அடைப்பு, சீழ் ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும். வேலை முடிந்த கையோடு போகாதீர்கள், சத்தத்தில் மரத்த காது தேற நேரம் வேண்டும், குறைந்தது 14 மணி நேரம் தறிப்பக்கம் போகாமல் இருந்துவிட்டுப் போங்கள். லீவு நாளுக்கு மறுநாள் காலைதான் தோது. இன்னொன்று, ஒரு காது மட்டும் திடீரென்று ஒரே நாளில் அடைத்தால் அது வேறு கதை, நாள் கடத்தாமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நாடாக்காரன்:
தங்கச்சி, நானும் தறி ஓட்டுகிறவன்தான். காது பழகிக்கும் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள், பட்டறைக்கு வெளியே டீக்கடையில் அவர்கள் பேசும் சத்தம் தெருமுனை வரை ஏன் கேட்கிறது? பழகவில்லை, மந்தமாகிவிட்டது, அவ்வளவுதான். ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவைக் கட்டை அடித்து விரட்டும், அது அந்தப் பக்கம் போய் முட்டி நிற்கும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இப்படி, அதுவும் ஒரு தறியில். தகரக் கூரைக்குக் கீழே இருபது தறி என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே நாங்கள் யாரும் பேசுவதில்லை, கை ஜாடைதான், உதட்டைப் பார்த்தே விஷயம் தெரிந்துகொள்வோம்.

பஞ்சு சும்மாங்க. ஃபோம் இயர்பிளக் வாங்கிக் கொடுங்கள். தம்பி 'பிளக் போட்டால் தறி மக்கர் பண்ணுவது தெரியாது' என்பான், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். சத்தம் குறையும், நிற்காது. பழகினால் தறியின் தாளம் மாறுவது உள்ளே தெரியும், அதுவும் இல்லாமல் பாவு, அதாவது நீளவாட்டு நூல், அறுந்தால் கண்ணுக்கே தெரியும்.

ஆடியோகிராம்:
நாடாக்காரன் அண்ணன் சொன்னது சரி, பிளக் போடும் முறையை மட்டும் சேர்க்கிறேன், தப்பாகப் போடுகிறவர்கள்தான் அதிகம். விரலில் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே நுழைத்து அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். குடத்துக்குள் பேசுவது போல் தன் குரல் கேட்டால் சரியாக அமர்ந்திருக்கிறது. இடையில் கழற்றக் கூடாது. 30 டெசிபல் குறைக்கும் பிளக்கைப் பாதி நேரம் மட்டும் போட்டால், மொத்தத்தில் கிடைப்பது 3 டெசிபல் அளவுதான்.

கணக்கு இதுதான்: 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை பரவாயில்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 வந்தால் கால் மணி நேரம்தான். தறிக்கூடங்களில் 95-க்கு மேல் சர்வசாதாரணம், ஷிஃப்டோ பன்னிரண்டு மணி நேரம்.

சட்டப்புலி:
நம் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்றுதான் வைத்திருந்தார்கள், அதையே பாதுகாப்பான அளவு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சத்தத்தால் வரும் செவிக் குறைபாடு, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, அப்பாவுக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் ஆடியோகிராமைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள். சின்னப் பட்டறை என்றால் பெரும்பாலும் இருக்காது, அதுதான் கொடுமை. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு வேண்டும், அதுவும் பேச்சு ஒலிகளில்.

பள்ளிபாளையத்துப் பொண்ணு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆன்லைனில் குறைந்த விலையில் காது மெஷின் பார்த்தேன், அதை வாங்கலாமா? வேலைக்கும் போட்டுக்கொண்டு போகலாமா?

ஆடியோகிராம்:
அது வேண்டாங்க. விலை குறைந்தவற்றில் பல எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகப் பெரிதாக்கும், ஆடியோகிராம் பார்த்து உயர்ந்த ஒலிகளை மட்டும் தூக்கிவிடும் மெஷின்தான் அவருக்கு வேண்டும். எதுவானாலும் பட்டறைக்குள் போடவே கூடாது, அங்கே பிளக்தான், வீட்டுக்கு வந்த பிறகு மெஷின். தம்பிக்கு வேலையில் சேரும் முன்பே ஒரு ஆடியோமெட்ரி எடுத்து வையுங்கள், அடுத்த வருசம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.