மறுமொழி: ‘ஸ்கேல்’, ‘மோட்’ இரண்டுக்கும் தமிழில் என்ன?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> ஸ்கேல் = அளவுகோல், மோட் = முறைமை என்று வைத்துக்கொள்ளலாமா? கிட்டார் பாடநூல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உடனே தேவைப்படுகிறது.

இதைக் கேட்ட தம்பிக்கு நன்றி. கிட்டார் பிடிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பாடம் எழுத ஒருவர் முன்வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இந்த இரண்டு சொல்லையும் என்னால் ஏற்க முடியவில்லை.

அளவுகோல் பற்றி நீட்ட வேண்டாம். இசையில் வரும் ஸ்கேல் எதையும் அளப்பதில்லை. ஏணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது; ஏறி இறங்கும் சுர வரிசை என்பதே பொருள். தமிழிசைக்காரர்கள் ஆரோகணத்தை ஏறுநிரல் என்றும் அவரோகணத்தை இறங்குநிரல் என்றும் ஏற்கெனவே எழுதி வருகிறார்கள். ஆகவே ஸ்கேலுக்குச் சுரநிரல். வெறும் ‘நிரல்’ கணினிக்காரர்களிடம் போய்விட்டது. ‘சுரவரிசை’ என்றால் கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சிகளான சரளிவரிசை, ஜண்டைவரிசை நினைவு வந்து பயிற்சிப் பாடமாகிவிடும். சுரநிரலில் இரண்டு சிக்கலும் இல்லை.

இன்னொரு குழப்பமும் இதில் தீரும். நம் மெல்லிசைக் குழுக்களில் “என்ன ஸ்கேல்?” என்று கேட்டால் பெரும்பாலும் சுருதியைத்தான் கேட்கிறார்கள். அதற்குக் கட்டை என்ற சொல் இருக்கிறது. சி ஒரு கட்டை, டி இரண்டு கட்டை, ஏ ஆறு கட்டை. அதை அப்படியே விட்டுவிடலாம்.

சரி, மோட். விவாதிக்க வேண்டியது இதைத்தான்.

கையில் கிட்டார் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சுருதியில் இருக்கட்டும். மெல்லிய முதல் தந்தியில் திறந்த தந்தி, அப்புறம் 1, 3, 5, 7, 8, 10, 12 ஆகிய மெட்டுகள். (ஃபிரெட்டுக்கு வீணைக்காரர்களின் ‘மெட்டு’ இருக்கும்போது வேறு சொல் தேட வேண்டாம்.) இந்தச் சுரங்களை வாசிக்கும்போது தடித்த ஆறாம் தந்தியைத் திறந்தபடி ஒலிக்க விடுங்கள். தோடி இராகத்தின் சுரங்கள் கேட்கும்; மேற்கில் ஃபிரிஜியன் என்ற மோட். அடுத்து, இடக்கையில் எதையும் மாற்றாமல், நான்காம் தந்தியை ஒலிக்க விட்டு அதே மெட்டுகளைத் தொடுங்கள். இப்போது கரகரப்பிரியாவின் சுரங்கள், டோரியன். ஐந்தாம் தந்தி ஒலித்தால் நடபைரவி, ஏயோலியன். மூன்றாம் தந்தி என்றால் அரிகாம்போதி, மிக்ஸோலிடியன். விரல் போகும் இடங்கள் ஒன்றே. ஆதார சுரமான சட்ஜம் எங்கே நிற்கிறது என்பதுதான் மாறுகிறது.

மோட் என்பது இவ்வளவுதான்: சுரங்கள் அப்படியே இருக்க, சட்ஜம் இடம் மாறுவது. நாம் வைக்கும் சொல் இதைக் காட்ட வேண்டும். ‘முறைமை’ இதில் எதையும் காட்டவில்லை.

> மேளம் என்றே சொல்லலாமே. இசை தெரிந்த எல்லோருக்கும் புரியும்.

அம்மா, இது கவர்ச்சியான யோசனைதான். ஆனால் கர்நாடக இசையில் ஏழு சுர இராகங்களை வகைப்படுத்தும் 72 மேளகர்த்தா திட்டம் இதற்கு நேர் எதிரான வழியில் கட்டப்பட்டது. அதில் சட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்க, மற்றச் சுரங்கள் மாறுகின்றன. மோடில் சுரங்கள் நிற்க, சட்ஜம் நகர்கிறது. சான்று வேண்டுமானால் மேலே சொன்ன சோதனையில் இரண்டாம் தந்தியை ஒலிக்க விடுங்கள். வருவது லோக்ரியன். அதில் சுத்த பஞ்சமம் இல்லை. ஆகவே 72 மேளத்தில் அதற்கு இடமே கிடையாது. ஏழு மோடில் ஒன்றை வெளியே நிறுத்தும் சொல்லை வைத்துப் பாடம் எழுத முடியாது.

‘இராகம்’ சரிவராததற்குக் காரணம் வேறு. கமகமும் பிடிகளும் இல்லாமல் தோடி ஏது? ஃபிரிஜியன் வெறும் சுரங்களின் இருப்பு. தோடியின் சுரங்கள் என்று ஒப்பிட்டுக் காட்டலாம், தோடி என்று பெயர் சூட்டக் கூடாது.

என் பரிந்துரை பாலை.

சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் பேசும் ஏழு பாலைகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு நரம்பில் (அதாவது சுரத்தில்) குரலே குரலாக, அதாவது சட்ஜமாக, நின்றால் செம்பாலை. துத்தம் குரலானால் படுமலைப்பாலை. இப்படியே கைக்கிளை செவ்வழிப்பாலை, உழை அரும்பாலை, இளி கோடிப்பாலை, விளரி விளரிப்பாலை, தாரம் மேற்செம்பாலை. செம்பாலையை அரிகாம்போதியாகக் கொண்டால் (வேறு விதமாகக் கொள்வோரும் உண்டு, நான் பின்பற்றுவது இது) அடுத்தடுத்து வருபவை நடபைரவி, பஞ்சமம் இல்லாத தோடி, சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி. அதாவது மிக்ஸோலிடியன், ஏயோலியன், லோக்ரியன், ஐயோனியன், டோரியன், ஃபிரிஜியன், லிடியன். ஒன்றுகூட விடுபடவில்லை. மேளத்தில் இடமில்லாத லோக்ரியனுக்கும் செவ்வழி என்று பெயரிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

கிட்டார் உலகமும் இந்த ஆராய்ச்சியும் ஒருவரிடம் சந்தித்துக்கொண்டன என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற எஸ். இராமநாதன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினுக்கு வீணை சொல்லிக்கொடுத்தார். பின்னால் ‘சக்தி’ என்ற இசைக்குழுவில் மெக்லாக்லின் வாசித்த கிட்டாரில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள், வீணைபோலத் தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகம் பிடிக்க. அந்தக் கிட்டார் இந்தப் பாலைகளுக்கு அந்நியமானது என்று நான் நினைக்கவில்லை.

> பாலை என்றால் மாணவர்களுக்கு ஐந்திணையும் பாலைவனமும்தானே நினைவுக்கு வரும்?

முதல் பக்கத்தில் வரும். மூன்றாம் பாடத்தில் வராது. மெட்டு என்ற சொல் பாட்டின் மெட்டையும் வீணையின் மெட்டையும் ஒருசேரத் தாங்குகிறதே. தேவைப்பட்ட இடத்தில் இசைப்பாலை என்று எழுதிக்கொள்ளலாம்.

தனிப் பெயர்களைப் பொறுத்தவரை டோரியன், லிடியன் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவை பழங்கால கிரேக்கத்தையும் ஆசியா மைனரையும் சேர்ந்த நிலங்களையும் இனங்களையும் ஒட்டிய பெயர்கள். அவற்றில் ஐயோனியனும் ஏயோலியனும் 1547இல் கிளாரியன் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் தம் நூலில் சேர்த்தவை. இணையத்தில் பாடம் தேடும் பிள்ளைக்கு டோரியன் என்ற பெயர் கட்டாயம் தெரிய வேண்டும். அதன் அருகில் கோடிப்பாலை என்று ஒருமுறை குறித்தால் போதும்.

சொல் ஓடுகிறதா என்று கிட்டார்காரர்களுக்குப் பிடித்த சுரநிரல்களை வைத்தே பார்த்தேன். ராக் இசைக்குழுவான சந்தானா 1970இல் பதிவுசெய்த ‘ஓயே கோமோ வா’ ஆறு கட்டையில் கோடிப்பாலை. ஏ மைனர் கார்டுக்கு (கார்டு என்பது ஒருசேர ஒலிக்கும் சுரங்கள்) அடுத்து டி கார்டு வருகிறதே, அதில் உள்ள எஃப் ஷார்ப்தான் சதுசுருதி தைவதம். அதைச் சுத்த தைவதமாக இறக்கினால் படுமலைப்பாலை ஆகிவிடும், பாட்டின் முகமும் வாடிவிடும். ராக் கிட்டாரில் டி, சி, ஜி என்று கார்டுகள் சுழன்று டியில் வந்து நின்றால் இரண்டு கட்டையில் செம்பாலை. ராக் கிட்டார் கலைஞர் ஜோ சத்ரியானி விரும்பி எடுக்கும் லிடியன் மேற்செம்பாலை. தடங்கலில்லாமல் எழுத வருகிறது.

இடறும் இடம் ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ இசை. அங்கே விளரிப்பாலைதான் அடிப்படை. ஆனால் வந்து நிற்கும் கார்டில் காந்தாரத்தை அரைச்சுரம் உயர்த்தி அந்தர காந்தாரம் ஆக்கிவிடுவார்கள். அப்போது கேட்பது வகுளாபரணத்தின் சுரங்கள், ஹார்மோனிக் மைனரின் ஐந்தாம் மோட். ஏழு பாலையில் இது இல்லை. இதைக் ‘கீரவாணி நிரலின் ஐந்தாம் பாலை’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. பாலை ஏழு மட்டுமே என்று தமிழிசை அறிஞர்கள் மறுக்கலாம். ஆனால் நடப்பது, சட்ஜத்தை இடம் மாற்றும் அதே பண்ணுப்பெயர்ப்புதான்; சொல்லை அந்த அளவுக்கு நீட்டுவதில் தவறு காணவில்லை.

கடைசியாக, எல்லோரும் முதலில் கற்கும் மைனர் பென்டடோனிக். ஐந்து சுரம் கொண்டதைத் திறம் என்பது பழைய வழக்கு என்றாலும் பாடநூலுக்கு ஐஞ்சுர நிரல் போதும். சுத்த தன்யாசியின் சுரங்கள் அவை. ஐந்தாம் மெட்டில் சுட்டுவிரலை வைத்தால் ஒரு தந்திக்கு இரண்டு சுரமாக ஆறு தந்தியிலும் கைக்குள் அடங்கிவிடும். ப்ளூஸ்காரர்கள் அதை விடாமல் பிடித்திருப்பதற்கு இந்த வசதியும் ஒரு காரணம். ஐந்தாம் தந்தி ஆறாம் மெட்டில் பிரதி மத்திமத்தைச் சேர்த்தால் ப்ளூஸ் நிரல்.

அந்த விரல் அமைப்பை வகுப்புகளில் ‘பாக்ஸ்’ என்கிறார்கள். பெட்டி என்று பெயர்ப்பது எனக்கு ஒட்டவில்லை. கைநிலை என்று எழுதிப் பார்த்தேன். வீணை ஆசிரியர்கள் யாராவது குழுவில் இருந்தால், இடக்கை ஓரிடத்தில் நிலைத்து வாசிப்பதற்கு அவர்கள் வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்று தெரிவியுங்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.